அமோக்: கட்டவிழ்ந்த ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கில மொழியில் 'ரன் அமோக்' என்றொரு மரபுத்தொடர் உண்டு. நம் மாணவர்கள் இடைநிலைப்பள்ளியை எட்டும்போதே அதனைக் கற்று, கட்டுரைகளிலும் எடுத்தாளத் தொடங்கிவிடுகின்றனர். ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளைகள் கும்மாளமிட்டாலும், பராமரிப்பற்ற தோட்டத்தில் கொடிகள் மண்டினாலும், எழுத்தாளன் ஒருவனின் கற்பனை எல்லை மீறினாலும் ஆங்கிலேயர்க்கு இந்த ஒரு தொடரே போதும். கட்டுப்பாடு நீங்கித் தன் விருப்பம்போல் திரிதல் என்பது இதன் இன்றைய பொருள்.

இதே கருத்தைச் சொல்லத் தமிழில் நமக்குத் தொடர்கள் பல உள. தறிகெட்டுத் திரிதல் என்கிறோம். தறி என்பது யானையையோ மாட்டையோ பிணிக்கும் தூண். அவிழ்த்துவிட்ட காளை என்கிறோம். கடிவாளமில்லாத குதிரை என்கிறோம். ஆங்கிலேயரும் குதிரையின் கடிவாளத்தை வைத்து இப்பொருளில் ஒரு தொடரை வழங்குகின்றனர். இவையெல்லாம் விலங்கிலிருந்து மனிதனுக்கு ஏறிவந்த உவமைகள். 'அமோக்' மட்டும் மனிதனிடமிருந்தே பிறந்தது. அதுவும் நாம் வாழும் இந்த மண்ணின் மனிதனிடமிருந்து. ஆங்கிலத்திற்கு மலாய்மொழி கொடையாக அளித்த சில சொற்களுள் மிகப் புகழ்பெற்றதும், மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுவே என்பது என் துணிபு.

மலாயில் 'அமோக்' என்பது முதற்கண் போர்க்களச் சொல். உயிரைப் பொருட்படுத்தாது பகைவர் நடுவே பாய்ந்து தாக்குதலை அது குறித்தது. 'ஹிக்காயாட் ஹங் துவா' என்னும் பழைய மலாய்க் காவியத்தை அறிந்தோர் ஹங் ஜெபாட்டை மறந்திருக்கமாட்டார்கள். தன் நண்பன் ஹங் துவா பொய்ப்பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டான் என்று நம்பிய ஜெபாட், நீதி தவறிய மன்னனை எதிர்த்து அரண்மனையையே கைப்பற்றிக்கொள்கிறான். இறுதியில், உயிரோடு மறைத்து வைக்கப்பட்டிருந்த துவாவே வரவழைக்கப்பட்டு, அவன் கையாலேயே ஜெபாட் குத்துண்கிறான். குத்துண்டவன் உடனே சாகவில்லை. புண்ணைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு நகரத் தெருக்களில் இறங்கி, மூன்று நாள் எதிர்ப்பட்டோரையெல்லாம் வீழ்த்திவிட்டு, மீண்டும் நண்பனிடம் வந்து உயிர் விடுகிறான். மலாய் இலக்கியத்தில் அமோக்கின் உச்சநிலை இது. மன்னனுக்குச் செய்த இரண்டகமா, நண்பனுக்குச் செய்த கடமையா என்று மலாய் அறிஞர்கள் இன்றுவரை வாதிடும் இச்செயலைக் கட்டுப்பாடற்ற வெறி என்ற இரண்டு சொல்லில் அடக்கிவிட முடியுமா?

ஐரோப்பியர் இச்சொல்லை முதலில் கேட்டது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1511இல் போர்த்துக்கேயர் மலாக்காவைக் கைப்பற்றினர். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், ஏறத்தாழ 1516இல், துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துக்கேய எழுத்தர் கீழ்த்திசை நாடுகளைப் பற்றிய நூலொன்றை எழுதி முடித்தார். ஜாவா மக்களைப் பற்றி அவர் தரும் செய்தி வியப்பானது. அங்கே கொடிய நோயுற்ற சிலர், தாம் பிழைத்தெழுந்தால் நோய்ப்படுக்கையில் சாவதைவிட மேலான சாவைத் தேடிக்கொள்வதாக இறைவனிடம் நேர்ந்துகொள்வராம். நலம் பெற்றதும் கையில் குத்துவாளோடு தெருவில் இறங்கி, ஆண் பெண் குழந்தை என்று பாராது கொல்வராம். அவர்களைக் கண்டவுடன் மக்கள் 'அமூக்கோ, அமூக்கோ' என்று கூவி ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வராம். பின்னர் அவர்களைக் குத்திக் கொன்றுவிடுவராம்.

இக்குறிப்பில் ஒன்றை மாணவர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். பார்போசா காட்டும் மனிதன் கட்டவிழ்ந்தவன் அல்லன். தான் செய்த நேர்த்திக்கடனுக்குக் கட்டுண்டவன். அதைத் தீர்க்கவே வாளெடுத்தவன். அவன் செயல் கொடுமையே. ஆயினும் அதன் வேர் ஒரு சூளுரையில் இருக்கிறது.

பார்போசா தம் பணிக்காலத்தைப் பெரும்பாலும் கழித்தது மலையாளக் கரையிலுள்ள கண்ணனூரில். மலையாள மொழியை அறிந்தவர் அவர். அக்காலப் போர்த்துக்கேய ஏடுகள், மலையாள நாட்டில் சாவதற்கென்றே சூளுரைத்துப் போரிட்ட வீரர்களையும் இதே சொல்லால் குறித்தன. அவ்வீரர்களை மலையாளிகள் 'சாவேர்' என்றனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாரதப்புழை ஆற்றங்கரையில் திருநாவாயில் மாமாங்கப் பெருவிழா நடைபெறும். விழாத் தலைமையைத் தம்மிடமிருந்து பறித்துக்கொண்ட கோழிக்கோட்டுச் சாமூதிரியைக் கொல்வதற்காக, வள்ளுவநாட்டுச் சாவேர்கள் ஒவ்வொரு மாமாங்கத்தின்போதும் ஆயிரக்கணக்கான காவலர் நடுவே பாய்வர், பாய்ந்தவர் திரும்பியதில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நீடித்தது.

நம் வரலாற்றிலும் இதற்கு உறவான வழக்கங்கள் இருந்தன. சோழர் படையில் வேளைக்காரர் என்போர், மன்னனுக்குத் தீங்கு நேரும் வேளையில் தம் உயிரையும் துறப்பதாக உறுதி பூண்டவர்கள். பாண்டியர்க்குத் தென்னவன் ஆபத்துதவிகள் இருந்தனர். பாண்டிய நாட்டுக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மன்னன் இறந்தால் அவனுடைய மெய்க்காவலர் ஈமத்தீயில் பாய்ந்து உடனிறப்பதை எழுதியிருக்கிறார். இவர்களையும் அமோக்காரரையும் ஒன்றெனச் சொல்லுதல் கூடாது. குறி ஒன்றை நோக்கிப் பாய்வதும் எதிர்ப்பட்டவரைக் கொல்வதும் வேறு வேறு. ஆனால் இவற்றைக் கண்ட போர்த்துக்கேயர் இருவகையாரையும் ஒரே சொல்லில் அடைத்தனர் என்பது வரலாறு.

சொல்லின் பிறப்பைப் பற்றியும் ஒரு வழக்கு எழுந்தது. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் புகழ்பெற்ற அகராதியைத் தொகுத்தவர்கள் யூல், பர்னல் என்னும் இருவர். இவர்களுள் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னாட்டு மொழிகளில் பயிற்சி மிக்கவர். போர் என்று பொருள்படும் 'அமர்' என்னும் சொல்லடியாக மலையாளத்தில் வீரனைக் குறிக்கும் சொல் இருப்பதை அவ்வகராதி சுட்டுகிறது. அவிழ்க்க முடியாதது என்று பொருள்படும் 'அமோக்ஷ்ய' என்னும் வடசொல்லே மூலம் என்று சொன்னாரும் உளர். ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு கொண்டாடும் ஆசை நமக்கும் வரும். அமோக விளைச்சல் என்று நாம் சொல்லும் அமோகத்திற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. மலாயிலும் ஜாவா மொழியிலும் வேரும் கிளையுமாக விளங்கும் ஒரு சொல்லுக்கு வெளியே தாய்வீடு தேடவேண்டியதில்லை என்பதே என் எண்ணம். மலையாளக் கரையில் அது வழங்கியமைக்குப் போர்த்துக்கேயர் கப்பல்களே போதிய காரணம்.

ஆனாலும் 'அமர்' என்று சொன்னவுடன் தமிழாசிரியர்க்கு 'அமர்க்களம்' நினைவுக்கு வராமல் இராது. போர்க்களத்தைக் குறித்த அச்சொல் இன்று திருமண வீட்டின் ஆரவாரத்தைக் குறிக்கிறது. குருதி சிந்திய இடம் கொண்டாட்டமாகிவிட்டது. யாரும் அதைத் தவறென்பதில்லை. ஆனால் அது நம் சொல், நாமே மாற்றிக்கொண்டோம். ஒருவர் வீட்டுத் துயரத்தைக் குறித்த சொல்லை இன்னொருவர் எடுத்துச் சென்று வேடிக்கையாக்குவது அதனினும் வேறான செய்தி.

அவ்வாறு எடுத்துச் சென்றவர்களில் ஆங்கிலக் கவிஞர்களும் இருந்தனர். 1672இல் ஆண்ட்ரூ மார்வெல் தம் எதிரியொருவரைச் சாடி எழுதிய உரைநடை நூலில், கண்டாரையெல்லாம் குத்தும் கீழ்த்திசைக்காரனைப் போல் அவர் நடந்துகொள்வதாக ஏளனம் செய்தார். 1687இல் டிரைடனும், 1733இல் அலெக்சாண்டர் போப்பும் அங்கதச் செய்யுள்களில் இதனைக் கையாண்டனர். மூவரும் மலாய் நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. சொல்லையும் அவர்கள் சரியாகக் கேட்டதில்லை. முன்னிற்கும் அகரத்தைத் தம் மொழியின் 'ஒரு' என்னும் பொருள்தரும் எழுத்தாகக் கருதிப் பிரித்து, 'ஒரு மக் ஓடுதல்' என்று எழுதினர். டிரைடன் இன்னும் ஒரு படி மேலே சென்று 'ஓர் இந்திய மக்' என்றே இடையில் அடைமொழி செருகிவிட்டார். 'மக்' என்பதற்கு ஆங்கிலத்தில் சாணம், சேறு என்று பொருள்! இலக்கணம் கற்பிப்போர் பிழையான புணர்ச்சிப் பிரிப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேடிப் பிடிக்க முடியாது. இவ்வாறு, ஒருமுறைகூட இரத்தம் காணாத இலண்டன் அச்சுக்கூடங்களில் அமோக் ஒரு வசைத்தொடராக வளர்ந்தது.

இந்நேரத்தில் கீழ்த்திசையில் நடந்தது என்ன? டச்சுக்காரரின் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், 1770இல் கேப்டன் குக்கின் கப்பல் தங்கியது. 1773இல் வெளிவந்த அப்பயண நூல், அபினி மயக்கத்தில் ஆயுதமேந்தி ஓடுவதே அமோக் என்று விளக்கம் தந்தது. அதே நூல் வேறொன்றையும் சொல்கிறது. ஓடுபவனை உயிரோடு பிடித்தால் காவல் அதிகாரிக்குப் பெரும் பரிசு. கொன்றால் வழக்கமான சம்பளம் மட்டுமே. உயிரோடு பிடிபட்டவனைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை நொறுக்கிக் கொன்றனர். பத்தாவியாவில் இவ்வாறு ஓடியவர்களில் பலர், சுலாவேசி, பாலி முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். அபினியைப் பற்றி எழுதிய கைகள் அடிமைத்தனத்தைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து, ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் 1869இல் வெளியிட்ட 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்னும் நூலில் மக்காசார் நகரைப் பற்றிக் கூறுகையில் காரணத்தை நேராகத் தொட்டார். கடன்பட்டுச் சூதாடி, மனைவி மக்களை இழந்து, தானும் அடிமையாகும் நிலைக்கு வந்தவனே அங்கு வாளெடுக்கிறான் என்றார் அவர். உரோமன் தன் வாள்மீது வீழ்ந்தான், ஆங்கிலேயன் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். மக்காசார்க்காரன் தெருவில் இறங்குகிறான் என்பது அவர் ஒப்புமை. அதாவது, அமோக்கை அவர் தற்கொலையின் ஒரு வடிவமாகக் கண்டார். கட்டவிழ்ந்தவனா ஓடினான்? கட்டுகள் இறுகி இறுகி, வேறு வழி காணாதவன் ஓடினான்.

இனி, நமக்கு மிக அருகில் நடந்த ஒரு வழக்கிற்கு வருவோம். பினாங்கில் 1846ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் நிகழ்ந்தது அது. அப்போது பினாங்கு கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சியில் இருந்தது.

சுனான் என்பவன் வீடுகட்டும் தொழிலாளி. ஊரில் நன்மதிப்புப் பெற்ற மலாய்க்காரன். அவனுடைய மனைவியும் குழந்தையும் அண்மையில் இறந்திருந்தனர். அவனோடு பழகிய ஒருவர் நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியம் பதிவாகியுள்ளது. குழந்தை உயிரோடிருந்தபோது அதனை வேலைக்கும் தூக்கிக்கொண்டு வருவானாம். குழந்தை போனபின், துயரத்தால் தன்னால் வேலை செய்ய முடியவில்லை என்று அடிக்கடி சொல்வானாம். குடியும் இல்லை, புகையும் இல்லை. அவன் மதி கலங்கிவிட்டதாகவே தாம் கருதியதாக அச்சாட்சி கூறினார். நிகழ்ச்சியன்று காலையில் அவரே அவனைக் கண்டு, தம் படகைச் செப்பனிட வருமாறு அழைத்திருக்கிறார். மிக வருந்தியிருப்பதால் வர இயலாது என்றானாம். அவன் கைகள் துணிக்குள் மறைந்திருந்தன. வாயில் இறைவன் பெயரை மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று அவன் கையால் மாண்டவர்கள் யார்? முதியவளான இந்துப் பெண்ணொருத்தி. தென்னிந்தியர் ஒருவர். சீனச் சிறுவன் ஒருவன். தந்தையின் கையிலிருந்த மூன்று வயதுத் தென்னிந்தியப் பெண்குழந்தை. அக்காலக் குறிப்புகள் நம்மவரைக் 'கிளிங்' என்ற பெயராலேயே குறித்தன. பெரும்பாலும் தமிழரையே அது சுட்டியது. மேலும் எழுவர் காயமுற்றனர். அவர்களுள் இருவரே பிழைத்தனர். குழந்தையை இழந்த தகப்பன், இன்னொரு தகப்பனின் கையிலிருந்த குழந்தையைக் கொன்றான். இவ்வரிகளை எழுதும்போது எனக்கு யார்பக்கம் நின்று பேசுவதென்று தெரியவில்லை. மாண்ட நம்மவர் எவருடைய பெயரும் அப்பதிவில் எனக்குக் கிட்டவில்லை. சுனானின் பெயர் மட்டும் நிலைத்தது.

ஜூலை 13ஆம் நாள் விசாரணை. என்ன செய்தோம் என்று தனக்குத் தெரியாது என்றான் சுனான். தூக்குமேடையிலும் அதையே சொன்னான். இத்தனை கொலை செய்தேன் என்று துரைமார்கள் சொல்வதால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று சேர்த்துக்கொண்டானாம். நீதிபதி சர் வில்லியம் நோரிஸ் தம் தீர்ப்புரையில், ஒரு மனிதன் செய்த குற்றத்தை அவனுடைய இனத்தின் மீதும் சமயத்தின் மீதும் ஏற்றிப் பேசினார். தூக்கிலிட்டபின் உடலை மருத்துவர்கள் அறுத்துப் பார்க்கவேண்டும்; சிதைந்த உறுப்புகளை அடக்கம் செய்யச் சுற்றத்தாரிடம் தரக்கூடாது; அவற்றைக் கடலிலோ பள்ளத்திலோ எறிந்துவிடலாம் என்பது தண்டனை. ஜூலை 15ஆம் நாள் அது நிறைவேறியது. கொலை, விசாரணை, தூக்கு எல்லாம் எட்டே நாளில் முடிந்தன. மனைவி மக்களை இழந்த துயரம் ஒருவனை என்ன செய்யும் என்று ஆராய அந்த எட்டு நாளில் யாருக்கும் நேரமில்லை. தன் குழந்தையைப் பறிகொடுத்த தமிழ்த் தகப்பனைப் பற்றி விசாரிக்கவும் யாருக்கும் நேரமிருந்ததாகத் தெரியவில்லை.

மாற்றுக் குரல் மெல்ல எழுந்தது. சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஆக்ஸ்லி, இன்று அவர் பெயரால் அங்கே தெருவே உள்ளது, 1849இல் இந்தியத் தீவுக்கூட்டம் பற்றிய ஓர் ஆய்விதழில் மலாய் அமோக் குறித்து எழுதினார். தாம் கண்ட பலரிடம் இது நோயின் விளைவே என்றார் அவர். 1893இல் சிங்கப்பூர் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் கில்மோர் எல்லிஸ், இங்கிலாந்து மருத்துவ இதழொன்றில் மனநோய் நோக்கில் இதனை விரிவாக ஆராய்ந்தார். அவர்கள் எழுதியதற்கு நெடுங்காலம் முன்பே மலாய் மக்களிடம் இதற்குச் சொற்கள் இருந்தன. முதலில் 'சாக்கிட் ஹாத்தி', அதாவது நெஞ்சில் பட்ட புண். அதை வெளியே காட்டாது அடக்கி அடக்கி வைப்பான். பிறகொரு நாள் 'மாத்தா கெலாப்', கண் இருண்டுவிடும். இவ்விரண்டு தொடரிலும் அடங்கிய உளவியலை ஐரோப்பிய மருத்துவம் கண்டடைய நெடுநாள் ஆயிற்று.

ஆனால் ஆட்சியாளர்களின் நூல்கள் பொதுவாக வேறு வழியில் சென்றன. சோம்பலும் அமோக்கும் மலாய்க்காரனின் பிறவிக்குணம் என்பதுபோல் எழுதிச் சென்றோர் மிகப்பலர். அடக்கமும் பணிவும் மிகுந்த ஒரு சமுதாயத்தை, அதன் அரிதான ஒரு துயர நிகழ்வைக் கொண்டு அளந்தனர். அதே ஆட்சியாளர்கள் தோட்டத் தொழிலாளியான தமிழனைப் பணிவானவன், எனவே ஏவுவதற்கு ஏற்றவன் என்று எழுதியதையும் நாம் அறிவோம். ஒருவனுக்கு வெறி, ஒருவனுக்குப் பணிவு என்று பட்டம் கட்டியவர்கள் இருவரையும் அறிந்தவர்கள் அல்லர். பேராசிரியர் சையத் உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' என்னும் பொருள்படும் ஆங்கில நூல், இத்தகைய பட்டங்கள் யாருடைய ஆதாயத்திற்காகக் கட்டப்பட்டன என்பதைத் தோலுரித்துக் காட்டியது. ஆசிரியர் பயிற்சி பெறுவோர் கட்டாயம் படிக்கவேண்டிய நூல் அது.

பிற்காலத்தில் தீபகற்பத்தில் அமோக் நிகழ்ச்சிகள் அருகின. சாவை நாடி ஓடியவனுக்குச் சாவு கிடைக்காமல் மருத்துவமனை கிடைத்ததே காரணம் என்பர் சிலர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட நோய்ப்பட்டியலில், குறிப்பிட்ட பண்பாடுகளுக்கு உரிய நோய்கள் என்ற தலைப்பில் அமோக் இடம்பெற்றது. 2013இல் வந்த அடுத்த பதிப்பில் அத்தலைப்பே நீக்கப்பட்டது. ஒரு பண்பாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்ற எண்ணம் தளரத் தக்க காரணங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று ஐரோப்பாவிலிருந்தே வந்தது.

ஜெர்மன் மொழியும் இச்சொல்லைக் கடன் வாங்கியிருந்தது. 1922இல் ஸ்டீஃபன் ஸ்வைக் எழுதிய குறுநாவல் ஒன்றின் தலைப்பே 'அமோக் ஓடுபவன்' என்பதாகும். ஆங்கிலத்தில் விளையாட்டாகத் தேய்ந்த சொல், அங்கே அதன் கொடிய பொருளை இழக்காமல் இருந்தது. 2002இல் எர்ஃபுர்ட் நகரப் பள்ளியிலும், 2009இல் வின்னெண்டன் நகரப் பள்ளியிலும் முன்னாள் மாணவர்கள் துப்பாக்கியோடு புகுந்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் சுட்டுக் கொன்றபோது, ஜெர்மானியர் அந்நிகழ்வுகளுக்கு இட்ட பெயர் அமோக் என்பதே. சுட்டவர்கள் மலாய்க்காரர் அல்லர்; அபினி உண்டவரும் அல்லர். அதன்பின் அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் தீ விபத்துக்கு ஒரு மணியும் இத்தகைய ஆபத்துக்கு வேறொரு மணியும் வைத்தனர். அந்த இரண்டாம் மணி ஒலிக்கும்போது ஆசிரியர் வகுப்பறைக் கதவைத் தாழிட்டு, பிள்ளைகளைச் சாளரத்தை விட்டு விலக்கி அமரச் செய்யவேண்டும். அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் 'அமோக் அலாரம்'. 1516இல் ஜாவாத் தெருக்களில் மக்கள் ஒருவரையொருவர் எச்சரிக்கக் கூவியதாகப் பார்போசா எழுதிய சொல்லும் அதுவே.